வறுத்த விதைக்குப் பதினைந்து நாள்

பணி ஓய்வுக்குப் பிறகு நம் வயதுப் பெண்கள் எல்லோரும் தோட்டக்காரிகளாகிவிட்டோம். காலையில் கைப்பேசியில் நம் குழுவைத் திறந்தால், வணக்கத்துக்கு முன்பே ஒருத்தி வீட்டுக் கொத்தமல்லி வந்து நிற்கிறது. இன்னொருத்தியின் அடுக்கக ஜன்னலில் தென்னை நார்த்துகள் நிரப்பிய தட்டு, அதில் ஊசிமுனை அளவில் மிளகாய் நாற்று. 'நீ மட்டும் ஏன் ஒரு படமும் போடுவதில்லை' என்று உங்களில் இருவர் கேட்டீர்கள். செடி வளர்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை என்று பதில் எழுதினேன். அது உண்மையன்று. மிளகாயை விதையிலிருந்து வீட்டுக்குள் முளைக்கவைக்கும் முறை நான்காம் வகுப்புப் படிக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்ட விதத்தை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு லைன் வீட்டின் மாடியில். நீளமான நடை, அதன் ஓரமாக ஒன்றையொன்று ஒட்டிய ஒற்றை அறைகள். எங்கள் அறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல் உண்டு. நடையில் எதை வைத்தாலும் வளராது. கடலிலிருந்து உப்புக்காற்று வரும். தெற்கே துறைமுகத்திலிருந்து கரித்தூள் வரும். காற்று திசை மாறும் நாள்களில், உரத் தொழிற்சாலையிலிருந்து கண்ணைக் கரிக்கும் நெடி வரும். கொடியில் காயும் வெள்ளைப் பாவாடை மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். வெளியே வைத்த துளசி மூன்றாம் நாளே இலைநுனி கருகி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அம்மா எல்லாவற்றையும் உள்ளேயே வளர்த்தாள். ஜன்னலடியில் ஒரு பலகை. அதன்மேல் வனஸ்பதி டின்கள், உடைந்த பீங்கான் ஜாடி, அடி ஓட்டையான அலுமினியக் குண்டான். கொத்தமல்லி விதையைத் துணியில் பரப்பி, கண்ணாடிப் புட்டியால் உருட்டி இரண்டிரண்டாகப் பிளப்பாள். வெந்தயத்தை ஊறவைத்துத் தெளிப்பாள். பழுத்த மிளகாயைக் கீறி, விதையை நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி எடுத்துவைப்பாள். காலையில் கதவைத் திறந்ததும் அந்த ஓரத்திலிருந்து வரும் பச்சை மணம், தெருவின் மீன் வாடைக்கும் எண்ணெய் வாடைக்கும் நடுவே, ஒரு தனி வீட்டின் மணம்போல இருக்கும்.

அப்பா இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மாவுக்கென்று மிஞ்சியது ஒரு புகழ் மட்டுந்தான்: கைராசிக்காரி. லைனில் யாருக்கு நாற்று வேண்டுமென்றாலும் அவளிடந்தான் வருவார்கள். "உன் கை பட்டா கரிகூட மொளைக்குதுக்கா" என்பார்கள். அம்மா சிரிக்கமாட்டாள், அது தனக்குச் செலுத்தவேண்டிய வரி என்பதைப்போல வாங்கிக்கொள்வாள். யார் கையில் விதை முளைக்கிறதோ அவள் வயிற்றில் பிள்ளை தங்கும் என்று அவள் உறுதியாக நம்பினாள். அந்த நம்பிக்கையை ஏளனம் செய்ய இன்று எனக்கு எளிது. அன்று எங்கள் லைனில் அதை ஏளனம் செய்தவர் ஒருவரும் இல்லை.

அதே அறையில் எங்களோடு அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணி அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா உப்பளத்தில் வேலை செய்தார். திருமணம் வரை அவளும் அங்கே பாத்தியில் நின்றவள்தான். உள்ளங்கையில் உப்பு வெட்டிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. அந்தக் கையால் எனக்குத் தலை பின்னும்போது முடியிழைகள் அந்தக் கோடுகளில் சிக்கி மெல்ல இழுபடும். 'வலிக்குதா கண்ணு' என்று அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். எங்கள் வீட்டில் என்னிடம் எதையாவது கேட்ட ஒரே ஆள் அவள். மற்றவர்கள் ஏவினார்கள்.

திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் பிள்ளை இல்லை. அம்மாவின் தம்பிக்கு, அதாவது காசிமேட்டு மாமாவுக்கு, வயதுக்கு வந்த மகள் இருந்தாள்.

ஒருநாள் மதியம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பேச்சை எடுத்தாள். அவன் இரும்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். மாறி மாறி ஷிப்ட். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"நைனா, மூணு வருசம் பொறுத்தாச்சி. இன்னும் எம்மா நாளு?"

"இன்னாமா, துன்னும்போதா இத பேசுவ?"

"வேற எப்ப பேசறது. நீ தூங்குற, இல்லாட்டி வேலைக்கிப் போற. நான் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவ சொல்லல. வெதய கேட்டுக்கலாம். அவ கையால மொளகா போடட்டும். பதினஞ்சி நாளு. மொளச்சா, அவ இந்த வூட்டுல மவராணியா இருக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். மொளைக்கல, மாமன் பொண்ண கட்டிக்க. இவ அப்பன் வூட்டுக்குப் போவட்டும்."

அண்ணன் சோற்றைப் பிசைந்தான். அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணிக்கு மட்டும் முகம் தெளிந்துவிட்டது. மருந்து, நேர்த்திக்கடன், மண்சோறு என்று எதையெதையோ எதிர்பார்த்திருந்தாள் போலும்.

"மொளகா தானே அத்தே," என்றாள். "போட்டுட்டாப் போச்சி."

"நீ இன்னா சொல்ற?" என்று அம்மா மகனைக் கேட்டாள்.

"அதான் அவளே சொல்ட்டாளே," என்றான் அண்ணன்.

அடுத்த நாள் காலையில் அண்ணி குடத்தோடு அடிபம்புக்குப் போயிருந்தாள். அங்கே வரிசை நீளம். திரும்ப ஒரு மணி நேரமாகும். அண்ணன் இரவு ஷிப்ட் முடித்துவந்து, சேலைத் தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தான். பள்ளி விடுமுறை. நான் அடுப்பருகே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணிக்குக் கொடுக்க வைத்திருந்த மிளகாய் விதைப்பொட்டலத்தை அம்மா எடுத்தாள்; பிரித்தாள்; வாணலியில் கொட்டினாள்.

அவள் அதைச் செய்த நேர்த்தியை மறக்க முடியவில்லை. தீயை மிகக் குறைத்து, இரண்டு விரலால் விதைகளைத் தள்ளித் தள்ளி வறுத்தாள். நிறம் மாறும் நொடிக்கு முன்னால் இறக்கிவிட்டாள். வெளிறிய மஞ்சள் அப்படியே இருந்தது. ஆனால் நெடியை எவ்வளவு குறைந்த தீயாலும் குறைக்க முடியாது. எனக்கு மூக்கில் நீர் வந்தது. தடுப்புக்குப் பின்னால் அண்ணன் தூக்கத்திலேயே இருமிப் புரண்டான். அடுத்த வீட்டுக்காரி நடையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னாக்கா, காலங்காத்தால மொளகா வறுத்துகினு கீற. கண்ணு எரியிதுக்கா."

"கொழம்பு பொடிக்கு," என்றாள் அம்மா.

பின்பு விதைகளை ஆறவைத்து, அதே பொட்டலத்தில் மடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். மிரட்டவில்லை. வெல்ல மண்டையில் ஒரு சில்லை உடைத்து என் கையில் வைத்தாள். நான் தின்றேன்.

அம்மா கொடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அண்ணி ஒரு வனஸ்பதி டின்னைக் கழுவினாள், அடியில் ஆணியால் துளையிட்டாள், செங்கல்தூள் கலந்த மண்ணை நிரப்பினாள். விதைகளை ஒவ்வொன்றாக, ஒரு விரல்கணு ஆழத்துக்கும் குறைவாக வைத்து மூடினாள். தண்ணீரை ஊற்றாமல் விரல்நுனிகளால் உதறித் தெளித்தாள். அறையில் வெயில் நகர நகர டின்னையும் நகர்த்தினாள். நீங்கள் இப்போது வாங்கும் தட்டுகளோடு வரும் குறிப்புத்தாளில் இருப்பதும் இதுதான். அவள் எதையும் தவறாகச் செய்யவில்லை.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். மண் மண்ணாகவே இருந்தது. பலகையில் அதற்குப் பக்கத்தில் அம்மாவின் வெந்தயக்கீரை கொழுத்துக் கிடந்தது. லைன் பெண்கள் ஏதாவது சாக்கில் உள்ளே வந்து டின்னை எட்டிப்பார்த்தார்கள். அம்மா அவர்களுக்கு முன்னால்தான் பேசுவாள்.

"இன்னாமே, உன் வயித்த மாரியே கீது டப்பாவும்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியிருக்காது. ஆனால் சிரிக்கவேண்டிய இடம் எது என்று விளங்கியிருந்தது. அண்ணி டின்மேல் குனிந்து ஒரு துரும்பை எடுத்துப் போட்டாள்.

எட்டாம் நாள் அம்மா ஒரு புதிய வேடிக்கையைக் கண்டுபிடித்தாள். எனக்குச் சோறு போடும்போது, "டப்பாவுக்கும் ஒரு வாய் ஊட்டச் சொல்லு உங்க அண்ணிய, கொயந்த பசில கீது," என்றாள். நான் எழுந்துபோய் டின்னில் இரண்டு பருக்கை வைத்துவிட்டு வந்தேன். அண்ணன் அங்கேதான் இருந்தான். 'சும்மா இரு' என்று என்னைத்தான் அதட்டினான்.

ஒன்பதாம் நாள் அண்ணி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னல் நின்றது. என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அதை நிறுத்தவேண்டும் என்பதற்காக மட்டும் சொன்னேன்.

"அண்ணி, அது மொளைக்காது. அம்மா அத வாணல்ல போட்டு வறுத்துச்சி."

அவள் பின்னலைத் தொடர்ந்தாள். மண்டைத்தோல் இழுபட்டு வலிக்கும் அளவுக்கு இறுக்கமாகப் பின்னினாள். அன்று மட்டும் 'வலிக்குதா' என்று கேட்கவில்லை. ரிப்பனைக் கட்டி முடித்தபிறகு, என்னைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இத யாராண்டயும் சொல்லாத கண்ணு. நீ சொன்னது தெரிஞ்சா உன்ன அடிச்சே கொன்னுடும் உங்கம்மா."

பிறகு என்னை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கீழ்வீட்டில் இருந்தவர்கள் ராயபுரத்தில் கயிற்றுக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தார். அந்த வீட்டு அம்மாளைப் பிள்ளைகள் எல்லோரும் சாச்சி என்போம். சாச்சி ஒவ்வோர் ஆண்டும் மிளகாய் விதையை ஈரத்துணியில் முடிந்து, அரிசி டிரம்முக்குள் புதைத்து முளைகட்டுவாள். அரிசியின் சூட்டில் ஒரு வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும்.

அண்ணி விவரம் எதுவும் சொல்லாமல் கேட்டாள். சாச்சி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முளைவிட்டிருந்த விதை முடிச்சைப் பிரித்து அவள் கையில் கொட்டினாள்.

"எல்லாம் எடுத்துக்க. நான் இன்னா, கொத்தவால்சாவடி மார்க்கெட்டுக்கா மொளகா அனுப்பப் போறேன். உன் மாமியா கேட்டா இன்னா சொல்லட்டும்?"

"கேக்கமாட்டாங்க சாச்சி."

"கேக்கும். அது கேக்காம இருக்குமா. போ, ஈரம் காயறதுக்குள்ள வெய்யி."

அண்ணி யாரும் பார்க்காமல் டின்னில் வைத்த அவை பதின்மூன்றாம் நாள் காலையில் முளைத்திருந்தன. மண்ணைப் பிளந்து, கழுத்தை வளைத்து, தலையில் விதைத்தோலைக் குல்லாய்போலச் சுமந்துகொண்டு நின்றன. அண்ணன் குனிந்து பார்த்தான். முதுகை நிமிர்த்தி வாய்விட்டுச் சிரித்தான். மாலையில் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிவந்தான். வாங்கிவந்ததை எங்கே வைப்பதென்று தெரியாமல் டின் பக்கத்திலேயே வைத்தான்.

நான் பார்த்தது அம்மாவை. டின்னின் முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். அந்த வீட்டுப் பெரியவர்களில் அது நடக்கமுடியாது என்று அறிந்தவள் தான் ஒருத்திதான் என்று எண்ணியிருப்பாள். அதை வாய்விட்டுச் சொல்லமுடியாதவளும் அவள் ஒருத்திதான். 'நான் வறுத்த விதை எப்படி முளைக்கும்' என்று எவரிடம் கேட்பாள்? அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் அவள் தட்டு கவிழ்ந்தே இருந்தது. இன்று நினைக்கும்போது, ஒரு கணம் அவள் தன் கைராசிக்கே பயந்திருப்பாளோ என்று தோன்றுகிறது.

பயம் ஒரு நாள்தான் தாங்கியது. பதினான்காம் நாள் மதியம் என்னை மடியில் கிடத்தி ஈர் உருவினாள். அவள் என்னை மடியில் போட்டுக்கொள்வது அபூர்வம். நகம் தலையில் இதமாக ஓடியது.

"கண்ணு, உங்க அண்ணி கடைக்கி கிடைக்கி போனாளா?"

"இல்ல."

"வேற எங்கனா?"

"கீழதான். சாச்சி வூட்டுக்கு."

"நீயும் போனியா?"

"ம்."

"இன்னா வாங்கினீங்க?"

சொன்னேன். ஏன் போனோம் என்பதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் ஈர் உருவுவதை நிறுத்திவிடக்கூடாது என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

பதினைந்தாம் நாள் தீர்ப்புக்காக மாமா காசிமேட்டிலிருந்து வந்தார். அண்ணியின் அப்பாவுக்கு முன்பே ஆள் அனுப்பியிருந்தார்கள். அவர் செருப்பை நடையிலேயே விட்டுவிட்டு, உள்ளே வந்தும் உட்காராமல் நின்றார். நாற்றைப் பார்த்ததும் அந்த மனிதருடைய தோள்கள் தளர்ந்து இறங்கின. 'மொளச்சிகீதே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"மொளச்சிகீது," என்றாள் அம்மா. "யாரு வெதன்னு கேளுங்க உங்க பொண்ண."

கதவோரம் லைன் பெண்கள் நின்றார்கள். சாச்சியைக் கீழிருந்து கூப்பிட்டார்கள். அவள் வந்து, "ஆமா, நான்தான் குடுத்தேன். வெத குடுக்கறது குத்தமா?" என்றாள். அதற்குமேல் அவளை யாரும் பேசவிடவில்லை.

மாமா அண்ணியைக் கேட்டார். "ஏம்மா, எங்கக்கா குடுத்த வெத இன்னாச்சி?"

"அது வறுத்த வெத மாமா," என்றாள் அண்ணி. "வறுத்தது மொளைக்காது."

"பாத்தியா நைனா, என்னியே சொல்றா," என்று அம்மா மகனிடம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வறுத்ததுன்னு யாரு சொன்னா உனக்கு?" என்றார் மாமா.

நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவள் கழுத்து எவ்வளவு பாடுபட்டது என்பது பக்கத்திலிருந்த எனக்குத் தெரிந்தது.

"யாரும் சொல்லல. மோந்து பாத்தேன்."

கதவோரம் யாரோ சிரித்தார்கள். மாமா நியாயமான மனிதர் என்று பெயர் எடுத்தவர். என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"பாப்பா, இங்க வா. நீ எப்பவும் அம்மாகூடவே கீற. பயப்படாம சொல்லு. உங்கம்மா வெதய வறுத்தாங்களா?"

அத்தனை பெரியவர்களும் என்னைப் பார்த்தார்கள். அடுத்து நான் சொன்னதற்குச் சரியான காரணங்களை நான் பல ஆண்டுகள் தேடியிருக்கிறேன். அம்மாவிடம் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பாதி. மீதி இதுதான்: ஒரு கேள்வி என்னிடம் வந்திருந்தது, எல்லோரும் காத்திருந்தார்கள், எது சொன்னால் அறை அசையும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நிலை எனக்குப் பிடித்திருந்தது.

"இல்ல," என்றேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

"அண்ணிதான் சாச்சி வூட்டுல வாங்குனாங்க. யாராண்டயும் சொல்லாதன்னு சொன்னாங்க."

அண்ணி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கோபமோ கெஞ்சலோ இல்லை. தலை பின்னும்போது சிக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

அவளுடைய அப்பா அம்மாவின் முன்னால் வந்து கைகூப்பினார். "சம்பந்திம்மா, எம் பொண்ணு திருட்டுத்தனம் பண்ணுவான்னு எனுக்குத் தெரியாது. மன்னிச்சிக்கங்க," என்றார். பிறகு, இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும், என்னிடமும் கைகூப்பினார். "சின்னப் புள்ளய பொய் சொல்லச் சொல்லிகீது. நீ மன்னிச்சிக்க தாயி." உப்புப்பட்டு வெடித்த, என் முகத்தைவிடப் பெரிய கைகள்.

அண்ணனிடம் அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ இன்னா சொல்ற?"

"நான் இன்னா சொல்றது," என்றான் அவன்.

பொழுது சாய்வதற்கு முன்பே தகப்பனும் மகளும் தகரப்பெட்டியோடு ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். கனகாம்பரம் பலகையிலேயே கிடந்து உலர்ந்தது. நாற்றுகளை அம்மா பிடுங்கி எறியவில்லை. முளைத்த எதையும் அவளால் எறியமுடியாது. பிரித்து நட்டாள், மீன் கழுவிய நீர் ஊற்றினாள், ஜன்னலை மறைக்கும் அளவுக்கு வளர்த்தாள். குச்சிக்குக் குச்சி காய்த்தது. லைன் முழுவதும் கொடுத்தாள். அவளுடைய கைராசியை எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தக் காயைக் கிள்ளிப்போட்ட குழம்பை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாமா மகளுக்கு யாரும் விதை கொடுக்கவில்லை. தை மாதம் வந்தாள். அடுத்த தைக்குள் ஆண்குழந்தை பெற்றாள். இப்படிப்பட்ட நினைவுகளில் கடைசியில் ஒரு நியாயம் வெளிப்படும் என்று எதிர்பார்ப்பவர்களுக்குத் தர என்னிடம் எதுவும் இல்லை. அம்மா தன் நம்பிக்கை மெய்யானதென்ற நிறைவோடு எழுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்தாள். அண்ணி பிறகு எங்கே வாழ்ந்தாள், எப்படி வாழ்ந்தாள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரிப்பது அம்மாவுக்குப் பிடிக்காது என்று முதலில் விட்டோம். பிறகு விட்டது பழகிவிட்டது.

சென்ற ஆண்டு, எண்ணூரில் மகன் வீட்டில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவனுக்குக் கால் வீங்கியிருந்தது. நாற்காலியை விட்டு அதிகம் எழுவதில்லை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். இருவரும் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம். உங்கள் நாற்றுப் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஏதோ தளர்ந்திருந்தது. சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அம்மா அந்த வெதய வறுத்தது உண்மை. நான் பாத்தேன். அண்ணிகிட்ட சொன்னதே நான்தான். மாமா கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

அவன் தேநீரை ஒருமுறை ஆற்றினான்.

"தெரியும்," என்றான். "அன்னிக்கி நான் தூங்கல. மொளகா வறுத்தா நெடி யாருக்குத் தெரியாது? தடுப்ப வெலக்கிப் பாத்தேன். நீயும் அங்கதான் குந்திகினு இருந்த."

நான் என் கோப்பையைக் கீழே வைத்தேன். "அப்ப நீ ஏன் சொல்லல?"

அவன் நேர்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அறையைத் தேடிப் பார்த்தான் என்றே நம்புகிறேன்.

"நீ சொல்லிடுவேன்னு பாத்துகினு இருந்தேன்," என்றான். "சின்னப் பொண்ணு, உன்னிய யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நீ சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

பிறகு ஒரு வாய் குடித்தான். சர்க்கரை போதவில்லை என்று உள்ளே குரல் கொடுத்தான். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே மருமகள் ஓடிவந்தாள்.